ஆங்கி செயலி: பல்தேர்வு வினாவுக்கு முழுத்துணை, கட்டுரை வினாவுக்கு அரைத்துணை

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் காலத்தில் மலையக நகரங்களில் நினைவாற்றல் ஒரு விற்பனைப் பொருளாகிவிடுகிறது. மருந்துக்கடைகளில் ஞாபகசக்திப் பாணி வகைகள் முன்வரிசைக்கு வருகின்றன. வார இறுதிப் பயிலரங்குகளின் சுவரொட்டிகள் வலது மூளையை எழுப்பித் தருவதாக உறுதி கூறுகின்றன. நாட்கூலிக்குக் கொழுந்து பறிக்கும் பெற்றோர் இவற்றுக்குக் கொடுக்கும் தொகை அவர்களைப் பொறுத்தவரை சிறியதன்று. பணம் கேட்காததும், தான் செய்வது என்ன என்பதை மறைக்காததும், தன் அடிப்படைக்கு ஆய்வுச் சான்று உடையதுமான ஒரு கருவி இவற்றுக்கிடையே உண்டென்றால் அது ஆங்கி என்னும் செயலி. ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை மாணவர்களுக்கு வரலாறு கற்பிப்பவன் என்ற முறையில், மாணவர்களோடு சேர்ந்து பயன்படுத்திப் பார்த்த பின்னரே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல்தேர்வு வினாக்களுக்கும் குறுவிடை வினாக்களுக்கும் இதைவிடச் சிறந்த துணையை நான் கண்டதில்லை. கட்டுரை வினாவுக்கு இதை மட்டும் நம்பியிருக்கும் மாணவன் பாதி வழியில் நின்றுவிடுவான். இதற்கான காரணத்தைச் செயலியில் தேடுவதைவிட, நினைவை மீட்டெடுக்கும்போது மூளையின் முன்பகுதி செய்யும் வேலையில் தேடுவதே பொருத்தம்.

ஆங்கி ஒரு மின்னட்டைச் செயலி. அட்டையின் முன்பக்கத்தில் வினா, பின்பக்கத்தில் விடை. டேமியன் எல்ம்ஸ் என்பவர் இதை 2006 இல் வெளியிட்டார். கணினிக்கான பதிப்பும், தன்னார்வலர்கள் பராமரித்து வரும் ஆண்ட்ராய்ட் பதிப்பான ஆங்கிட்ராய்டும் இலவசம். ஐபோன் பதிப்புக்கு மட்டும் ஒருமுறை கட்டணம் செலுத்த வேண்டும். நம் பிள்ளைகளின் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் ஆண்ட்ராய்ட் தொலைபேசிகளே ஆதலால் அது இங்கு பெரிய தடையாவதில்லை. இதே பெயரின் சாயலில் மாதக் கட்டணம் கேட்கும் வேறு செயலிகளும் இருப்பதால், தரவிறக்கும் முன் பெயரைக் கவனித்துப் பார்ப்பது நல்லது. அட்டைகளைத் தொலைபேசியில் சேர்த்த பின்னர் படிப்பதற்கு இணையம் தேவைப்படாது என்பது, மழை பிடித்தால் சிக்னல் போய்விடும் லயன்களில் வாழும் மாணவர்களுக்கு இதன் விலையின்மைக்கு அடுத்த பெருஞ்சிறப்பு.

செயலியின் உயிர்நாடி அதன் காலக்கணிப்பு. விடையைப் பார்த்தபின் மீண்டும், கடினம், நன்று, எளிது என்னும் பொருள்தரும் நான்கு பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். புதிய அட்டை முதலில் சில நிமிட இடைவெளியில் திரும்ப வரும். பின்னர் மறுநாள் வரும். சரியாகச் சொல்லச் சொல்ல அந்த இடைவெளி நாட்களாகவும் வாரங்களாகவும் மாதங்களாகவும் நீளும். நீண்டகாலம் இக்கணிப்புக்கு அடிப்படையாக இருந்தது, போலந்தைச் சேர்ந்த பியோட்டர் வோஸ்னியாக் 1987 இல் உருவாக்கிய முறையின் ஒரு வடிவம். 2023 இல் எஃப்எஸ்ஆர்எஸ் என்னும் புதிய முறையும் சேர்க்கப்பட்டது. ஓர் அட்டையை நினைவுகூரும் வாய்ப்பு 90 சதவீதத்துக்கு இறங்கும் வேளையில் அதைக் காட்டுவதே இம்முறையில் இயல்பாக வைக்கப்பட்டுள்ள இலக்கு. அந்த அளவை நாமே மாற்றிக்கொள்ளலாம். மாணவர்கள் இதன் கணிதத்தை அறிய வேண்டியதில்லை. மறக்கும் விளிம்பில் இருப்பதை எடுத்துச் சொல்லும் முயற்சியே இங்கு பயிற்சி என்பதை அறிந்தால் போதும்.

அந்த முயற்சியின் பயன் கற்பனையன்று. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பத்தியை வாசித்த மாணவர்களில் ஒரு பகுதியினர் அதை மீண்டும் வாசித்தனர். மற்றவர்கள் அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் வாசித்தவர்களே முன்னின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, நினைவிலிருந்து எழுதியவர்கள் 56 சதவீதத்தையும் மீண்டும் வாசித்தவர்கள் 42 சதவீதத்தையும் மட்டுமே நினைவில் வைத்திருந்தனர். நம் வீடுகளில் பிள்ளைகள் விடியற்காலையில் எழுந்து பாடநூலை உரக்க வாசித்து, இனி மறக்காது என்ற திருப்தியோடு மூடிவைப்பதன் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. அந்தத் திருப்தி ஐந்து நிமிட நினைவுக்குரியது.

ஒரு செய்தி மூளையில் பதிந்திருப்பது ஒன்று. வேண்டிய நேரத்தில் அதைத் தேடி எடுப்பது வேறொன்று. 1953 இல் வலிப்பு நோய்க்கான சத்திரசிகிச்சையில், மூளையின் உட்புறத்தில் உள்ள நினைவுறுப்பான ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை இருபுறமும் இழந்த ஹென்றி மொலைசன் என்பவரைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த நரம்பியல் உளவியலாளர் பிரெண்டா மில்னர், நிகழ்வுகளையும் செய்திகளையும் புதிதாகப் பதிப்பதற்கு அந்த உறுப்பு இன்றியமையாதது என்று காட்டினார். நெற்றிக்குப் பின்னால் அமைந்த முன்நுதல் புறணி பாதிக்கப்பட்டவர்களின் நிலை இதிலிருந்து வேறுபட்டது. அவர்கள் புதியவற்றைக் கற்கிறார்கள். ஆனால் கற்றதிலிருந்து வேண்டியதைத் தாமாக எடுத்துத் தரத் தடுமாறுகிறார்கள். தான் கொழுந்து பறிக்காமல், இன்று எந்த மலையில் பறிப்பது என்று ஆட்களை அனுப்பி, வந்து சேர்ந்த கொழுந்தில் முற்றல் இலை கலந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளும் கங்காணியின் வேலையை நினைவின் விடயத்தில் இப்புறணி செய்கிறது. வினாவுக்கும் விடைக்கும் இடையிலான தொடர்பு மெலிந்திருக்கும்போது தேடலை வழிநடத்துவதிலும், ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் முந்திக்கொண்டு வரும்போது பொருத்தமானதைத் தெரிவதிலும் இடப்பக்க முன்நுதல் புறணியின் கீழ்ப்பக்கவாட்டுப் பகுதி ஈடுபடுவதாக மூளைப் படிமப்பிடிப்பு ஆய்வுகள் காட்டுகின்றன. எடுத்ததைச் சரிபார்ப்பதில் அதற்கு மேலுள்ள பகுதிகள் பங்கெடுக்கின்றன.

இங்கே சுவரொட்டிகளின் வலது மூளையைப் பற்றி ஒரு சொல். உளவியலாளர் எண்டெல் டல்விங்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1994 இல் முன்வைத்த ஒரு கருதுகோளில், நிகழ்வுகளைப் பதிக்கும்போது இடது முன்நுதல் புறணியும் மீட்டெடுக்கும்போது வலது முன்நுதல் புறணியும் கூடுதலாக ஈடுபடுகின்றன என்று கூறப்பட்டது உண்மை. பின்வந்த ஆய்வுகள் இப்பிரிவினை அவ்வளவு எளிதானதன்று என்று காட்டின. எதுவாயினும், ஒரு பக்க மூளையை இரண்டு நாள் பயிலரங்கில் எழுப்பிவிடலாம் என்பதற்கு அதிலிருந்து எந்த ஆதரவும் கிடைப்பதில்லை.

செயலியின் வலிமையும் எல்லையும் துலங்குவது, பரீட்சை வினாக்களின் வகைகளை முன்நுதல் புறணி நோயாளர்களிடம் நடத்தப்பட்ட சோதனைகளோடு அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதுதான். அத்தகைய நோயாளரிடம் ஒரு சொற்பட்டியலைக் கொடுத்துப் பின்னர், இவற்றில் எது பட்டியலில் இருந்தது என்று கேட்டால் அவர் ஏறத்தாழ மற்றவர்களைப் போலவே இனங்காண்கிறார். ஒரு குறிப்பைக் கொடுத்துக் கேட்டால் ஓரளவு தடுமாறுகிறார். எந்தக் குறிப்பும் இன்றி, நினைவில் உள்ளவற்றையெல்லாம் சொல்லுங்கள் என்று கேட்டால்தான் பெரிதும் பின்தங்குகிறார். கெர்ஷ்பெர்க், ஷிமமுரா ஆகியோர் 1995 இல் வெளியிட்ட ஆய்வில், இந்நோயாளர்கள் சொற்களைத் தாமாக வகைப்படுத்தி நினைவுகூர முற்படாததும், வகைகளின் பெயர்களை வெளியிலிருந்து கொடுத்தபோது அவர்களின் நினைவுகூரல் மேம்பட்டதும் பதிவாகியுள்ளன. குறிப்பு எவ்வளவு குறைகிறதோ, முன்நுதல் புறணியின் மீது விழும் சுமை அவ்வளவு கூடுகிறது என்பது இதன் பொருள்.

பல்தேர்வு வினா இனங்காணலைக் கேட்கிறது. குறுவிடை வினா குறிப்போடு நினைவுகூர்வதைக் கேட்கிறது. கட்டுரை வினா ஏறத்தாழக் குறிப்பே இன்றி நினைவுகூர்வதையும், நினைவுகூர்ந்ததை ஒழுங்குபடுத்துவதையும் கேட்கிறது. ஆங்கி அட்டை எப்போதும் ஒரு குறிப்பைத் தருகிறது. ஆகவே அது இரண்டாம் வகைக்கு நேரான பயிற்சி. முதல் வகைக்குத் தேவைக்கு மேற்பட்ட பயிற்சி. மூன்றாம் வகைக்கு மூலப்பொருளைச் சேர்த்துக் கொடுக்கும் பயிற்சி மட்டுமே.

நம் மண்ணின் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஆண்டு 1867. கோப்பி இலைத்துரு நோய் இலங்கையில் கண்டறியப்பட்ட ஆண்டு 1869. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி முறிந்த ஆண்டு 1884. நானுஓயாவுக்குப் புகையிரதம் வந்த ஆண்டு 1885. இவற்றை அட்டைகளாக்கிக் கொடுத்தால் சராசரி மாணவரும் சில வாரங்களில் தயக்கமின்றிச் சொல்லுகிறார்கள். பாடநூலைத் திரும்பத் திரும்ப வாசித்த காலத்தில் இந்த ஆண்டுகள் ஒன்றோடொன்று குழம்பிக்கொண்டே இருந்தன. இதுவரை செயலிக்கு முழுப் புள்ளி. ஆனால், கோப்பிச் செய்கையின் வீழ்ச்சி மலைநாட்டின் சமூக அமைப்பை எவ்வாறு மாற்றியது என்று விளக்கச் சொன்னால், அதே அட்டைகளுக்குப் பிழையின்றி விடை தந்த மாணவி நான்கு வரிகளோடு பேனையை மூடிவிடுகிறாள். அவளுக்குச் செய்தி தெரியாமலில்லை. கோப்பி பருவகாலப் பயிர், அதற்கு வந்த தொழிலாளர் பலர் அறுவடை முடிந்தபின் தென்னிந்தியாவுக்குத் திரும்பினர், தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் தேவைப்பட்டது, ஆகவே குடும்பங்களாக லயன்களில் தங்கினர் என்னும் ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்டால் சொல்லுகிறாள். எதைத் தேட வேண்டும் என்று தனக்குத் தானே கேட்டுக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு வரவில்லை, ஏனெனில் அந்தக் கேள்வியை இவ்வளவு நாளும் அட்டை அவளுக்காகக் கேட்டுவந்தது.

இக்குறையை ஓரளவு ஈடுசெய்ய முடியும். எங்கள் வகுப்பில் நாங்கள் கைக்கொண்ட முறையின்படி, ஒரு பாடத்தின் அட்டைகளைத் திறக்கும் முன்னர் மாணவர்கள் வெற்றுத்தாளில் அப்பாடத்தைப் பற்றி நினைவில் உள்ள அனைத்தையும் எழுத வேண்டும். பின்னரே அட்டைகள். இதனோடு, விடயங்களைக் கேட்கும் அட்டைகளுக்கு மேலதிகமாக, தலைப்புகளை மட்டும் கேட்கும் அட்டைகளையும் ஒவ்வொரு அலகுக்கும் செய்கிறோம். கோப்பியின் வீழ்ச்சிக்கான காரணங்களை எந்தெந்தத் தலைப்புகளில் பிரிக்கலாம் என்று முன்பக்கத்தில் இருக்கும். நோய், சந்தை விலை, நிதி நெருக்கடி என்று பின்பக்கத்தில் இருக்கும். தலைப்புகள் நினைவுக்கு வந்தால் அவையே அடுத்த தேடலுக்கான குறிப்புகளாகிவிடுகின்றன. ஆனால் செயலி இத்தகைய விரிவிடை அட்டைகளுக்காக வடிவமைக்கப்பட்டதன்று. ஏழு காரணங்களில் ஐந்தைச் சொன்ன மாணவன் எந்தப் பொத்தானை அழுத்துவது? தவறிய இரண்டை மட்டும் நாளைக்குக் கேள் என்று ஒரே அட்டையிடம் சொல்ல வழியில்லை. இதை நான் இச்செயலியின் மிகப் பெரிய வடிவமைப்புக் குறையாகக் கருதுகிறேன்.

அப்படியானால் ஏழில் முக்கியமான மூன்றை மட்டும் அட்டையாக்கலாமே என்று தோன்றும். அதில் ஓர் ஆபத்து உண்டு. மைக்கேல் ஆண்டர்சனும் பியோர்க் இணையரும் 1994 இல் காட்டியபடி, ஒரு வகையைச் சேர்ந்த சிலவற்றை மட்டும் மீண்டும் மீண்டும் நினைவுகூர்ந்து பயின்றால், பயிலாமல் விடப்பட்ட அதே வகையினவற்றை நினைவுகூர்வது, எதையுமே பயிலாத வகைகளோடு ஒப்பிடும்போது குறைகிறது. பழங்களின் பெயர்களில் பாதியைப் பயின்றவர்களுக்கு மீதிப் பாதி பின்வாங்கியது. போட்டியிடும் நினைவுகளை அடக்கிவைக்கும் முன்நுதல் புறணியின் கட்டுப்பாட்டோடு இந்த விளைவை ஆய்வாளர்கள் தொடர்புபடுத்துகின்றனர். ஆகவே ஒரு பட்டியலைத் தொட்டால் முழுமையாகத் தொட வேண்டும், இல்லையேல் அதை வெற்றுத்தாள் பயிற்சிக்கு விட்டுவிட வேண்டும்.

வரலாற்றுப் பாடத்துக்கே உரிய இன்னொரு குறை, வரிசை. எது முன், எது பின் என்று தீர்மானிப்பதிலும் முன்நுதல் புறணிக்குப் பங்குண்டு என்பதை மில்னரும் அவருடன் பணியாற்றியவர்களும் நோயாளர்களிடம் நடத்திய சோதனைகளில் காட்டினர். ஆங்கி அட்டைகளைக் கலைத்துக் கேட்கிறது. 1815 கண்டி ஒப்பந்தமும் 1818 ஊவாக் கிளர்ச்சியும் 1848 மாத்தளைக் கிளர்ச்சியும் மூன்று தனித்தனி அட்டைகளாக வரும். ஒன்றிலிருந்து மற்றொன்று எவ்வாறு விளைந்தது என்பது எங்கும் வராது. ஆண்டுகளைக் கேட்காமல் இரண்டு நிகழ்வுகளைக் கொடுத்து எது முந்தியது, ஏன் என்று கேட்கும் அட்டைகளை ஆசிரியரே எழுதிச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

பொத்தான்களைப் பற்றி முன்பு சொன்னதை விரித்துச் சொல்ல வேண்டும். தனக்குத் தெரியுமா தெரியாதா என்று தானே மதிப்பிடுவது நினைவுகூர்வதிலிருந்து வேறான ஒரு திறன். ஜனோவ்ஸ்கி, ஷிமமுரா, ஸ்குவயர் ஆகியோர் 1989 இல் ஆராய்ந்தபோது, முன்நுதல் பாதிப்புடையவர்களிடம் தமக்குத் தெரியும் என்ற உணர்வின் துல்லியம் குறைந்திருந்தது. மூளையில் பாதிப்பு எதுவும் இல்லாத பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கும் இது எளிதன்று; முன்நுதல் புறணியின் முதிர்ச்சி இருபதுகளின் நடுப்பகுதி வரை நீள்கிறது. அட்டையைத் திருப்பியதும், 'இது எனக்குத் தெரிந்ததுதானே' என்று சொல்லி நன்று என்பதை அழுத்திவிடுகிறார்கள். திருப்பிய பின் தெரிந்ததாகத் தோன்றுவது இனங்காணல். திருப்பும் முன் வாயால் சொன்னால்தான் அது நினைவுகூரல். விடையை உரக்கச் சொன்ன பிறகே திருப்ப வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். மறந்துபோன அட்டைக்கு மீண்டும் என்பதை அழுத்தாமல், மனம் கேட்காமல் கடினம் என்பதை அழுத்துவதும் பரவலான பழக்கம். கடினம் என்பதைச் செயலி நினைவுகூர்ந்ததாகவே கணக்கிடுவதால், புதிய கணிப்பு முறையில் இது இடைவெளிகளையெல்லாம் பிழையாக நீட்டிவிடும்.

பரீட்சை மண்டபத்தில் எல்லாம் மறந்துபோய்விட்டது என்று அழும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இதில் நல்ல செய்தி உண்டு. கடும் மன அழுத்தம் முன்நுதல் புறணியின் செயற்பாட்டைக் குறைக்கும் என்பதும், அழுத்தகால இயக்குநீரான கோர்ட்டிசோல் நினைவை மீட்டெடுப்பதைத் தடுக்கக்கூடும் என்பதும் நன்கு ஆராயப்பட்டவை. ஏமி ஸ்மித்தும் அவர் குழுவினரும் 2016 இல் வெளியிட்ட ஆய்வில், மீண்டும் வாசித்துப் பயின்றவர்களின் நினைவு மன அழுத்தத்தின்போது சரிந்தது. நினைவுகூர்ந்து பயின்றவர்களுடையது சரியவில்லை. ஞாபகசக்திப் பாணிக்குக் கொடுக்கும் பணத்துக்கு வல்லாரை வாங்கிச் சம்பல் போட்டுச் சாப்பிடலாம், ருசியாவது மிஞ்சும். பரீட்சைப் பயத்துக்கு அட்டைப் பயிற்சியே கூடுதல் பயன் தரும்.

தொடர்ந்து பயன்படுத்துவோரை விரட்டுவது தேங்கும் அட்டைகள்தான். இயல்பமைப்பில் நாளொன்றுக்கு 20 புதிய அட்டைகள் அறிமுகமாகின்றன. தொடக்கத்தில் இது சிறிதாகத் தோன்றும். சில வாரங்களில் பழைய அட்டைகளின் மீள்பார்வை குவிந்து, திருவிழாவுக்கோ சடங்கு வீட்டுக்கோ போய் ஒரு வாரம் விட்டவர்கள் திரும்பி வந்து எண்ணிக்கையைப் பார்த்ததும் செயலியையே அழித்துவிடுகிறார்கள். ஒரு பாடத்துக்கு நாளொன்றுக்கு ஐந்து புதிய அட்டைகள் என்று குறைத்து வைத்தால், எட்டாம் ஒன்பதாம் தரத்திலேயே தொடங்கும் பிள்ளைக்கு அது தாராளம். பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது புதிதாகத் தொடங்குவதில் பெரிய பயன் இல்லை. அப்போது கடந்தகால வினாத்தாள்களைச் செய்வதே மேல்.

நம் தமிழ்மொழிப் பாடத்திட்டத்துக்கு ஏற்ற ஆயத்த அட்டைத் தொகுதிகள் நான் தேடிய அளவில் கிடைக்கவில்லை. ஆகவே யாராவது இருந்து தட்டச்சு செய்ய வேண்டும். அதை ஒரு குறையாக மட்டும் நான் பார்க்கவில்லை. அட்டையை எழுதும்போதே எது வினா, எது விடை என்று பிரித்தறிய வேண்டியிருப்பதால், மாணவர்களிடம் அலகுகளைப் பங்கிட்டுக் கொடுத்து எழுதச் சொல்வது பயனுடையது. ஆசிரியர் பிழை திருத்திய பின் தொகுதியை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து, டேட்டா செலவில்லாமல் புளூடூத் வழியாகவே வகுப்பு முழுவதற்கும் கொடுத்துவிடலாம். ஏற்றுமதி செய்யும்போது காலக்கணிப்பு விவரங்களைச் சேர்க்கும் தெரிவை நீக்கிவிடுங்கள். இல்லையேல் உங்களுடைய இடைவெளிகள் பெறுபவரின் தொலைபேசிக்கும் போய்ச் சேரும். ஒரே தொலைபேசியை அண்ணனும் தங்கையும் பகிரும் வீடுகளில், இருவருக்கும் தனித்தனித் தொகுதியும் தனித்தனி அமைப்பு விருப்பமும் (தொகுதிக்குரிய அமைப்புகளின் தொகுப்பு) உருவாக்கிக் கொடுக்க வேண்டும். புதிய கணிப்பு முறை ஒவ்வோர் அமைப்புக்கும் உரிய மீள்பார்வைப் பதிவுகளைக் கொண்டே மறதியின் வேகத்தை மதிப்பிடுவதால், இருவரின் பதிவுகளும் ஒன்றாகக் கலந்தால் கணிப்பு இருவருக்குமே பொருந்தாது.